அவளுக்கு ஊரெல்லாம் அண்ணன் முறை

இப்படி வாங்க சார், உக்காருங்க. பைய மேல போட்டுடுங்க. எங்க எறங்கறீங்க? செங்கேணியா? அட, நானும் அங்கதான். அப்ப கடைசி வரைக்கும் உங்களுக்குத் தப்பிக்க வழியே இல்ல. என் வாயி அப்படி.

தப்பா நெனைக்காதீங்க, ஏறும்போதே பாத்தன் உங்க காலர. சட்ட நல்ல சட்டதான். மடிப்புக்குள்ள பழுப்பா ஒரு கோடு ஓடுது பாருங்க, அத மிஷினு ஒண்ணும் பண்ணாது. மிஷினு துணியத்தான் சுத்தும். அழுக்கு ராட்டினம் ஏறிட்டு, எறங்கி, மறுபடியும் அதே எடத்துல வந்து குந்திக்கும். ஐயே, மொகம் சுருங்கிப் போச்சே! வெளாட்டுக்குச் சொன்னன் சார். பல் டாக்டரு பஸ்ஸுல போனாலும் பக்கத்துல இருக்கறவன் பல்லத்தான் பாப்பாரு. நான் துணி வெளுக்கறவன், காலரத்தான் பாப்பன்.

முன்னாடி பொம்பளைங்க சீட்டுல, ஜன்னலோரம், பச்சப் பொடவ, கனகாம்பரம் வச்சிகினு ஒண்ணு ஒக்காந்திருக்குதே, அது எம் பொண்ணு. அமலோற்பவம். வயசு முப்பதத் தாண்டிடிச்சி. இன்னும் கல்யாணம் ஆவல. அதுக்குத்தான் இந்தப் பயணம். அவளாண்ட, செங்கேணிக் கோயில்ல கொடியேத்தம், மாதாவ பாத்துட்டு வரலாம்னு ஒண்டிதான் சொல்லி இருக்கன். மாப்ள பாக்கப் போறோம்னு தெரியாது. தெரியாதுன்னா, தெரியும். தெரியாத மாதிரி வரா.

உங்களாண்ட ஒண்ணு கேக்கணும் சார், செங்கேணிக்காரர் வேற ஆயிட்டீங்க. இப்ப வாணாம். ஊரு கிட்ட வரட்டும்.

அவ பேரு இருக்குதே, அமலோற்பவம், கறையில்லாமப் பொறந்தவன்னு அர்த்தமாம். சாமியார் சொன்னாரு. கறையப் பத்தி எங்களுக்கே பாடம்! பொறந்தப்ப வச்ச பேரு செல்லக்கிளி. எனக்கு ஏகாம்பரம். இப்ப சூசை. சூசையப்பரு யாரு? ஆசாரி. வண்ணானப் புடிச்சி ஆசாரி பேர வச்சிட்டாரு. ஒரு முக்காலி செஞ்சி குடுன்னு யாராவது கேட்டா நான் எங்க போவன்? எங்க வூட்டுக்காரி பூங்காவனம், அவ மரியபுஷ்பம். பூவு ஒண்டி மாறல.

ஆமா சார், வேதத்துல சேந்தவங்க. கத்தோலிக்கு. யாராண்டயும் மறைக்கறதில்ல. எனக்கு எந்தச் சாமியா இருந்தா இன்னா சார்? எல்லாச் சாமிக்கும் அழுக்குத் துணி உண்டு. எல்லாம் பூங்காவனம் புடிச்ச புடி.

நாங்க இருந்தது நெடுவந்தாங்கல். ஊருக்கே ஒரு வண்ணான் வூடு, அது எங்க வூடு. காலையில துணி எடுக்கறது, சாயங்காலம் கூடைய எடுத்துகினு வூடு வூடா போயி சோறு வாங்கறது. எங்கப்பன் வாங்கின சோறு, எங்கம்மா வாங்கின சோறு. பத்து வூட்டுக் கொழம்பும் ஒரே சட்டியில விழும் சார். அந்த ருசி எந்த ஓட்டல்லயும் கெடைக்காது. பூங்காவனத்துக்கு ஒண்டி அது தொண்டையில எறங்காது. ராசா வூட்டுப் பொண்ணு பாருங்க! அவளும் வண்ணான் பொண்ணுதான், எங்க மாமன் மவதான்.

புள்ள அப்ப ஏழாவது படிக்கறா. அவளோட ஒரே பெஞ்சில குந்தற பொண்ணு ஒண்ணு வயசுக்கு வந்துடிச்சி. தீட்டுத் துணிய வண்ணாத்திதான் எடுக்கணும். பூங்காவனம் காச்சல்ல படுத்திருக்கா. நான் துறையில இருக்கறன். அந்த வூட்டு அம்மா பள்ளிக்கூடத்துக்கே ஆள் அனுப்பி, புள்ளய வரச் சொல்லி, பின்வாசல்ல வச்சி மூட்டையத் தூக்கி வுட்டுட்டாங்க. இவ பள்ளிக்கூடத்துப் பாவாட சட்டையோட, கூட்டாளியோட துணியத் தல மேல வச்சிகினு, தெரு வழியா வந்தா. பள்ளிக்கூடம் வுடற நேரம். புள்ளைங்கல்லாம் எதிர்ல வருது.

வந்து மூட்டைய எறக்கினா. அழுவல. அம்மாவ ஒரு பார்வ பாத்தா. அம்மாடான்னு போயி கூழு குடிச்சா. அவ்ளோதான் நடந்தது. இதுக்குப் போயி பூங்காவனம் சோத்துக் கூடையத் தூக்கி அடுப்புல போட்டுட்டா. நல்ல பிரம்புக் கூட சார்.

பள்ளிக்கூடத்துல ஒரு சிஸ்டரு இருந்தாங்க. பூங்காவனம் அவங்களாண்ட போயி அழுதிருக்கா. அந்தம்மா சொன்னாங்களாம், வேதத்துல தீட்டுன்னே ஒண்ணு கெடையாதுன்னு. அவ்ளோதான், அந்த வார்த்தையப் புடிச்சிகினா. 'தீட்டே இல்லாத எடத்துல தீட்டுத் துணி எங்கய்யா இருக்கும்? தீட்டுத் துணி இல்லன்னா வண்ணாத்தி எதுக்கு? எம் பொண்ணு தலையில மூட்ட ஏறாது. நீ வரியா, நாங்க ரெண்டு பேரும் போவட்டுமா?' கணக்கு சரியாத்தான் போட்டா சார். எங்க தப்பாப் போச்சின்னு இன்னும் குந்தி யோசிச்சிகினு இருக்கா.

அவ அண்ணங்காரன் ஓடி வந்தான். எம் மச்சான். அவன் புள்ளைக்குத்தான் எம் பொண்ணுன்னு தொட்டில்லயே பேசி வச்சது. 'வேதத்துக்குப் போனவ எங்க கொலசாமிக்கு எப்படிப் பொங்கல் வப்பா? போனா போனதுதான், இந்தப் பக்கம் திரும்பாதீங்க'ன்னான். பூங்காவனம் சொன்னா, 'எம் பொண்ணுக்கு மாப்ளயா இல்ல? அங்க ஊரே நம்ம ஊராயிடும்.' நான் சிரிச்சிகினு குந்தினு இருந்தன். அண்ணன் தங்கச்சி சண்டையில நடுவுல பூந்தா நம்ம வேட்டிதான் கிழியும்.

சிஸ்டரு சொல்லி, மரியாநத்தத்துப் பங்குச்சாமி எங்களக் கூப்ட்டு வுட்டாரு. கொளத்தாண்ட வூட்டு மன குடுத்தாரு. ஊரே சேந்து வூடு கட்டிக் குடுத்திச்சி சார்! நான் ஒரு செங்கல்லு தூக்கல. ஞானஸ்நானத்தன்னிக்கு வந்த கூட்டத்த நீங்க பாத்திருக்கணும். தேருக்குக்கூட அவ்ளோ கூட்டம் வராது. எல்லாம் எங்களத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க, சிரிக்கறாங்க. நாட்டாம அருளப்பன் இருக்காரே, பெரிய குடும்பம், அவரே முன்னால வந்து எம் பொண்ணுக்கு ஞானத்தகப்பனா நின்னாரு. தலையில தண்ணி ஊத்தும்போது அவரு கையி அவ தோள் மேல இருந்திச்சி. எனக்கும் பூங்காவனத்துக்கும் ஞானத்தாயி ஞானத்தகப்பனா நிக்கறதுக்கு அவரு பங்காளிங்க போட்டி போட்டாங்க. இப்படி மரியாதைய நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல.

மறுநா காலையில கதவத் தொறக்கறன். வாசல்ல வரிசையா மூட்ட.

நெசமா சார். தலையில ஊத்தின தண்ணி காயல. கதவத் தொறக்க முடியல, அவ்ளோ மூட்ட. அவங்க வண்ணாங் குடும்பம் எப்பவோ திருப்பூருக்குப் போயிட்டுதாம். பக்கத்தூரு வண்ணான் இந்துச் சாமி கும்புடறவன், கோயிலுக்குள்ள வந்து மேல வெள்ளத் துணி கட்ட மாட்டான். பாவம், அந்த சனங்க எம்மா நாளு தவிச்சிருப்பாங்க! கண்ணத் தொடச்சிகினன் சார். வந்த மறுநாளே இவ்ளோ துணிய நம்பிக் குடுக்கறாங்களே. திரும்பிப் பாத்தா பூங்காவனம் நெலப்படியப் புடிச்சிகினு நிக்கறா. அவளும் அழுவறா. சந்தோசத்துல கூட பொம்பளைங்களுக்கு மொகம் கோணிக்கும்.

சாமியாராண்ட போயி நின்னா. 'சாமி, தீட்டு இல்லன்னீங்களே.' அவரு ரொம்பப் பொறுமையானவரு. 'தீட்டு இல்லம்மா. இது தீட்டு இல்ல, சேவை. ஆண்டவரே சீடருங்களுக்குக் கால் கழுவி வுட்டாரு'ன்னாரு. கேட்டதும் எனக்குப் புல்லரிச்சிப் போச்சி. அப்ப ஆண்டவரு நம்ம ஆளு!

பெரிய வியாழக்கெழம கோயில்ல அத இப்பவும் செய்வாங்க, தெரியும்ல? ஊர்ல பன்னெண்டு பேர குந்த வச்சி சாமியார் கால் கழுவுவாரு. வருசா வருசம் பன்னெண்டு பேர மாத்துவாங்க. நானும் ஒவ்வொரு வருசமும் கால நல்லா தேச்சி கழுவிகினு போயி நிப்பன். இன்னும் என் மொற வரல. ஊரு பெரிசு. ஆனா கால் தொடைக்கற துண்டு என்னுது. பாலு மாதிரி இருக்கும். சாமியாரே சொல்லி இருக்காரு, 'சூசை, உன் துண்டு மாதிரி எந்தப் பங்குலயும் இல்ல'ன்னு.

பஸ் ஏன் நிக்குது? ஆடு. வுடுங்க, அதுங்களுக்கும் அவசரம்.

பொண்ணு விசயத்துக்கு வரன். வளந்தா. பத்தாவதோட நிறுத்திட்டா. பூங்காவனம் எவ்ளோ தல கீழ நின்னும் அவளே வந்து இஸ்திரிப் பொட்டியப் புடிச்சா. கை அப்படி! மடிப்பு வச்சா கத்தி. நாட்டாம பையன் கிளமெண்டு, கோயில்ல ஆர்மோனியப் பொட்டி வாசிக்கற பையன், தெனம் ஒரு சட்ட எடுத்துகினு வருவான். விரிச்சிப் பாத்தா அழுக்கே இருக்காது சார்! நேத்து நாங்க வெளுத்து அனுப்பின சட்ட, மடிப்புகூட கலையல. நான் கேலி பண்ணுவன், 'இன்னா தம்பி, சட்டையப் போட்டுக்கறியா, இல்ல சட்டைய வாக்கிங் கூப்ட்டுப் போறியா?' அவன் இஸ்திரிப் பலகையாண்ட குந்துவான். இவ அந்தச் சட்டைய எடுத்து, தண்ணி தெளிச்சி, பொறுமையா மறுபடியும் தேப்பா. ஒரு சட்டைய அவ்ளோ நேரம் தேச்சா கரி இன்னா ஆவறது? அதையும் சொல்லிப் பாத்தன். ரெண்டும் காதுல வாங்கல.

ஒரு நாளு நாட்டாம எங்க வூட்டுக்கு வந்தாரு. அவ்ளோ வருசத்துல அதான் மொதல் தபா. உள்ள வரல, வேப்ப மரத்தடியில நின்னாரு. 'சூசை, எம் பையன் ஏதோ உளர்றான். உம் பொண்ணக் கட்டறனுன்றான். உனக்குத் தெரியாதது இல்ல. உம் பொண்ணு எனக்கு ஞானமவ. தோள் மேல கைய வச்சி நான் ஏத்துகினவ. எம் பையனுக்குத் தங்கச்சி முறைடா. அண்ணனையும் தங்கச்சியையும் சேத்துப் பேசலாமா? நரகத்துக்குத்தான் போவணும்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடிச்சி. நாங்களாவது புதுசா வந்தவங்க, மொற தெரியாது. எவ்ளோ பெரிய மனுசன், ஏழ வூட்டுப் பொண்ண மவளா நெனைக்கப் போயிதான இந்தப் பேச்சே வருது? கையெடுத்துக் கும்புட்டன்.

பூங்காவனம் இருக்கறாளே, அவ உள்ள போயி ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்தா. அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டினா. 'மவ வூட்டுக்கு வந்திருக்கீங்க. ஒரு வாயி குடிச்சிட்டுப் போங்க அண்ணா.'

'இப்பதாம்மா குடிச்சிட்டு வந்தன்'னாரு.

வாஸ்தவந்தான். அவரு வூடு இன்னா தூரமா? குடிச்சிட்டுதான் வந்திருப்பாரு. இவ ஒண்டி, அவரு தெரு முக்கு திரும்பற வரைக்கும் சொம்ப நீட்டின கைய மடக்காம நின்னா. பைத்தியம்.

அதோட வுட்டாளா? சாமியாராண்ட போனா. நானும் பின்னாலயே போனன். 'சாமி, ஞானத்தகப்பன் புள்ளயக் கட்டக்கூடாதுன்னு வேதத்துல இருக்கா?' அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. தொடச்சிகினே இருந்தாரு. 'சட்டத்துல அப்படி இல்லம்மா. ஆனா ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்குது.' அப்புறம் என்னப் பாத்து, 'இல்ல சூசை?'ன்னாரு. எவ்ளோ பெரிய படிப்பு படிச்சவரு, என்னாண்ட கேக்கறாரு! 'ஆமா சாமி'ன்னு சொன்னன். பின்ன இன்னா சொல்றது?

அன்னியிலேருந்து பூங்காவனம் என்னாண்ட மொகம் குடுத்துப் பேசறதில்ல. பொம்பள கோவம், போயிடும். போயிடும் போயிடும்னு பாக்கறன்.

கிளமெண்டுக்கு மேலூர்ல பெரிய எடத்துல பொண்ணு. கல்யாணத்துக்கு வண்ணான் மாத்து விரிக்கணும். அது எங்க ஒரிமை சார், வேற யாரும் தொட முடியாது. மாப்ளயும் பொண்ணும் தெருமொனையிலேருந்து கோயில் வாசப்படி வரைக்கும் வெளுத்த துணி மேலதான் நடக்கணும். ரெண்டு துணிதான் இருக்கும். அவங்க ஒண்ணு மேல நடந்து தாண்டினதும், பின்னால இருக்கறதச் சுருட்டி எடுத்துகினு முன்னால ஓடி விரிக்கணும். எனக்குன்னு பாத்து மொதல் நாளு துறையில வழுக்கி இடுப்பு புடிச்சிகிச்சி. பூங்காவனம் 'நான் செத்தாலும் போவ மாட்டன்'னுட்டா. ஊரு மானம் போவுதே! புள்ளதான் எழுந்தா. 'குடுப்பா, நான் விரிக்கறன்.'

என்னா அழகா விரிச்சா தெரியுமா? ஒரு சுருக்கம் இல்ல. மேளம் அடிக்குது, வெயிலு கொளுத்துது, இவ பின்னால ஓடறா, முன்னால ஓடறா, முட்டி போட்டு நீவி வுடறா. அந்தப் பையன் ஒண்டி கால எடுத்து எடுத்து வச்சான், முள்ளு மேல நடக்கற மாதிரி. புதுச் செருப்பு, கடிச்சிருக்கும். மொகமெல்லாம் வேத்து வழியுது. ஒரு எடத்துல நின்னே போயிட்டான். மேளக்காரனே நிறுத்திட்டான். இவ கீழ முட்டி போட்டுகினு தல தூக்காம, துணியத் தட்டிக் காட்டினா. நடன்னு. அப்புறந்தான் நடந்தான்.

ஊரே பாராட்டிச்சி. நாட்டாம எம் பொண்ணுக்குப் பொடவ எடுத்துக் குடுத்தாரு. இன்னிக்கிக் கட்டினு இருக்காளே, அந்தப் பச்சதான். இவ்ளோ நாளு பொட்டியிலயே கெடந்திச்சி, இன்னிக்கி அவளே எடுத்துக் கட்டிகினா. நல்ல சகுனம்தான?

அந்த வெயிலு தலையில எறங்கிடிச்சோ இன்னாவோ, அப்பலேருந்து பேச்சு கொறஞ்சி போச்சி. மச்சான் பையனுக்குக் கல்யாணம் ஆயி மூணு புள்ள. எங்க பக்கத்துல எவனும் வேதக்காரப் பொண்ணு வாணான்றான். வேதக்காரங்க பக்கம் போனா எல்லாம் எங்களுக்கு ஞான உறவு. ஊரெல்லாம் அவளுக்கு அண்ணன் முறை சார்! இம்மா அண்ணனுங்க எந்தப் பொண்ணுக்கு இருக்கும், சொல்லுங்க? சரி, கன்னியாஸ்திரி மடத்துலயாவது சேத்து வுடலாம்னு கேட்டன். 'அங்கயும் துணி இருக்கும்பா'ன்னா.

பூங்காவனமா? அவ வரல. காலையில கெளம்பற நேரத்துக்கு ஊர்ல ஒரு சாவு வுழுந்துடிச்சி. சாவு வூட்டுக்கு வெள்ள கட்ட ஒருத்தரு இருந்துதான ஆவணும். கனகாம்பரத்தக் கட்டி அவ தலையில வச்சி வுட்டா. வச்சிட்டு, அந்தத் தலையிலயே கைய வச்சிகினு ரொம்ப நேரம் நின்னா. பஸ்ஸு போயிடும்னு நான்தான் கத்தினன்.

அதோ பாலம் வந்துடிச்சி. செங்கேணி கிட்டதான இனிமே? சரி, கேட்டுடறன். உங்க ஊர்ல லாசருன்னு ஒருத்தரு, வேதத்துல சேந்த வண்ணாங் குடும்பம், அவருக்குப் பொண்டாட்டி செத்த ஒரு பையன் இருக்கான்னு எங்க பழைய சாமியார் ஒரு தபா சொன்னாரு. ரெண்டு புள்ள இருந்தாலும் பரவால்லன்னு இவ அம்மாவே சொல்லிட்டா. இந்தப் பக்கத்துல எங்க ஆளுங்கள்ல வேதத்துல இருக்கற வேற குடும்பம் எனக்குத் தெரிஞ்சி இல்ல. கோயில்ல எதேச்சையா பாத்த மாதிரி பாத்து, பேச்சக் குடுத்து...

தெரியுமா? நல்லாத் தெரியுமா? பாத்தீங்களா, மாதா கண்ணத் தொறந்துட்டா! எப்படி சார் பையன்? குடிப்பானா?

இன்னாது?

எப்ப?

கல்யாணம் ஆவணியிலயா. மாரியம்மங் கோயில்லயா. குடும்பத்தோடவா பழைய சாமிக்கே திரும்பிட்டாங்க? பொண்ணு குடுக்கறவங்க சாமி கும்புடறவங்களா... ஓ. வேதத்துல இருந்தா யாரும் பொண்ணு குடுக்கலன்னு...

சரிதான். புத்திசாலிப் பையன்.

இல்ல, இல்ல, ஒண்ணும் இல்ல சார். தண்ணி வாணாம். நானும் குடிச்சிட்டுதான் வந்தன். ஹஹ.

ரவ மெல்லப் பேசுங்க, அவ திரும்பிப் பாக்கறா. ஒண்ணுமில்லம்மா! ஊரு வந்துடிச்சான்னு கேட்டுகினு இருக்கன்! உக்காரு, உக்காரு, நின்னதும் எறங்கலாம்!

சொல்லுங்க சார், இன்னாமோ சொல்ல வந்தீங்களே. ஆமா, நாங்க மூணு பேருதான். ஆமா, இஸ்திரியும் உண்டு. வெள்ள கட்டறது, மாத்து விரிக்கறது, எல்லாம் உண்டு. ஏன் கேக்கறீங்க?

ஓ, நீங்களும் கோயில்காரருதானா! கமிட்டியில இருக்கீங்களா? லாசரு போனதுலேருந்து உங்க ஊர்ல ஆளு இல்லியா?

அதான் ஏறும்போதே காலரப் பாத்தன்.

மனையா? கொளத்தாண்டயா? ஊரே சேந்து வூடு கட்டிக் குடுக்குமா? நல்ல மனசு சார் உங்களுக்கு. உங்களுக்குக் கல்யாண வயசுல பையன் யாராவது... இல்ல, சும்மா கேட்டன். வெளாட்டுக்கு.

எழுந்துட்டா பாருங்க. நிக்கறதுக்குள்ள எழுந்துட்டா. பொடவ மடிப்ப நீவி வுட்டுக்கறா. அவளாண்ட எதுவும் சொல்லிடாதீங்க சார், மொதல்ல மாதாவ பாத்துட்டு வரட்டும். வாங்க, எறங்குங்க. அந்தக் காலர ஒண்டி ரவ உள்ள மடிச்சி வுட்டுக்குங்க. அவ கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது.